ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த அட்ரினல் கட்டிக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 58 வயது, பல வருடமாக பிரஷர். பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். காரணம் தேடி நெஞ்சும் வயிறும் சேர்த்து சி.டி. எடுத்தபோது, இடது அட்ரினல் சுரப்பியில் 2 சென்டிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு கட்டி இருப்பதாக ரிப்போர்ட்டின் கடைசி வரியில் போட்டிருக்கிறது. அதனால்தான் பக்கவாதம் வந்ததா? அது இருப்பதால் கை கால் திரும்ப வருவது தாமதமாகுமா, உயிருக்கு ஆபத்து கூடுமா? விசாரித்தால் ஒருவர் "அட்ரினல் கட்டி இருந்தால் பக்கவாதத்தில் மீள்வது கஷ்டம்" என்கிறார், இன்னொருவர் "அது எல்லாருக்கும் இருப்பதுதான், விட்டுத்தள்ளுங்கள்" என்கிறார்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. கட்டி அங்கே உட்கார்ந்திருப்பதால் மட்டும் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. அது ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன் வழியாகத்தான் மூளையைத் தொடுகிறது. ஒன்றும் சுரக்காத கட்டி என்றால் பக்கவாதக் கணக்கில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. சுரக்கிற கட்டி என்றால், இத்தனை வருடப் பிரஷருக்கே அதுதான் காரணமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மாத்திரைக்கு மேல் மாத்திரையாகச் சேர்த்துக்கொண்டே போனால் அடுத்த பக்கவாதத்துக்கு வழி திறந்தேதான் இருக்கும். அதனால் எது சுரக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சோகம் என்னவென்றால், பக்கவாதத்தின் பரபரப்பில் அந்தக் கடைசி வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பல சமயம் டிஸ்சார்ஜ் சம்மரியில்கூட அது ஏறுவதில்லை.

முதலில் எவ்வளவு சகஜம் என்று பார்த்துவிடுவோம். அட்ரினல் என்பது சிறுநீரகங்களின் மேல் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும், நாலைந்து கிராம் எடையுள்ள சுரப்பி. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அதில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் கட்டி தெரிந்தால் அதை இன்சிடென்டலோமா என்கிறோம். ஐம்பதுகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கும், எழுபது தாண்டியவர்களில் 7 முதல் 10 பேர் வரை. பக்கவாதம் வருவதும் பெரும்பாலும் இதே வயதுக்காரர்களுக்குத்தான். ஆக, இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் வெறும் தற்செயலுக்கே நிறைய இடமிருக்கிறது.

இந்தத் தொடர்பைப் பற்றி ஆராய்ச்சிகள் சொல்வதைப் படிக்கும்போது ஒரு சிக்கலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்து, பக்கவாத நோயாளிகளில் அட்ரினல் கட்டி என்ற நோய்க் குறியீடு பதிவானவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை நாள் படுக்கையில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது சுலபம். ஆனால் அந்தக் குறியீடு யாருக்கு விழும்? வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தவருக்கு மட்டும்தான். பக்கவாதம் வந்த முதல் நாளே இறந்துபோனவருக்கு யாரும் வயிற்று சி.டி. எடுப்பதில்லை, அவருக்கு அட்ரினலில் கட்டி இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. அதனால் கட்டி உள்ள கூட்டம் நிஜத்தைவிட ஆரோக்கியமாகத் தெரியலாம். இன்னொரு பக்கம், காய்ச்சல், புற்றுநோய்ச் சந்தேகம், காரணம் புரியாத எடைக் குறைவு என்று ஏற்கெனவே சிக்கலான ஆட்களுக்குத்தான் வயிற்று ஸ்கேன் அதிகம் எடுப்பார்கள். அப்போது கட்டி உள்ள கூட்டம் நிஜத்தைவிட மோசமாகத் தெரியும். ஒரே தரவு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம். போதாக்குறைக்கு, சுரக்கும் கட்டியும் சுரக்காத கட்டியும் அந்தக் குறியீட்டில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருக்கிறது என்பதற்காக அந்த மாதிரி முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அப்புறம் "முடிவு" என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பக்கவாத மருத்துவத்தில் வழக்கமாக 90 நாள் கழித்து, 0 முதல் 6 வரை போகும் ராங்கின் அளவுகோலில் நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. அட்ரினல் பக்கத்து ஆய்வுகள் பெரும்பாலும் இதை அளப்பதில்லை. பக்கவாதம் வந்ததா, மாரடைப்பு வந்ததா, இறந்தாரா என்றுதான் எண்ணுகின்றன. அதனால் கீழே நான் சொல்வதில் "பக்கவாதம் வரும் வாய்ப்பு" பற்றிய பகுதிக்கு நல்ல ஆதாரம் உண்டு. "வந்தபின் எப்படி மீள்கிறார்" என்ற பகுதி உடலியங்கியலையும் வார்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்வது.

சரி, ஹார்மோன்களுக்கு வருவோம். அட்ரினல் கட்டி அதிகமாகச் சுரந்து தொல்லை தருவது முக்கியமாக மூன்று வகை: ஆல்டோஸ்டீரோன், அட்ரினலின் வகை, கார்ட்டிசால். மூன்றில் பக்கவாதத்துக்கு மிக நெருக்கமானது ஆல்டோஸ்டீரோன். இது உப்பை உடலில் பிடித்துவைத்து பொட்டாசியத்தை சிறுநீரில் வெளியே தள்ளும். ஒரு அட்ரினலில் உள்ள சின்னக் கட்டியோ, இரண்டு அட்ரினல்களுமோ யார் கட்டளைக்கும் காத்திராமல் இதை அதிகமாகச் சுரந்தால் அது முதன்மை ஆல்டோஸ்டீரோனிசம். 1955ல் ஜெரோம் கான் விவரித்ததால் கான் நோய் என்றும் சொல்வார்கள். வெகு காலம் இதை அபூர்வ நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தெரிகிறது: பிரஷர் உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, மூன்று மாத்திரை போட்டும் அடங்காத பிரஷர்காரர்களில் ஐந்தில் ஒருவர் வரை.

இது சாதாரண பிரஷரைவிடக் கொடியது. ஒரே அளவு பிரஷர் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், ஆல்டோஸ்டீரோன் அதிகம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல். 2005ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் இந்த நோய் உள்ளவர்களில் 12.9 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது, அதே போன்ற பிரஷர் உள்ள மற்றவர்களில் 3.4 சதவீதம் பேருக்கு. 2018ல் 31 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது பக்கவாத வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான இதயத்துடிப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு என்று வந்தது. இந்த இரண்டாவது எண்ணை லேசாக விட்டுவிடக் கூடாது. அந்தத் துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தத் துண்டு மூளைக்குப் போய் அடைக்கும். அப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் பெரிய ரத்தக்குழாயை அடைப்பதால் சேதமும் பெரிதாக இருக்கும். ஆல்டோஸ்டீரோன் இதயத் தசையில் நார்த்திசுவை வளர்த்துவிடுகிறது, ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. பிரஷர் எண்ணில் தெரியாத சேதம் இது.

கண்டுபிடிக்க ஒரு சின்னத் துப்பு, கேஸ் ஷீட்டிலேயே கிடக்கும். சேர்த்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்றிருக்கும். சரியான அளவு 3.5க்கு மேல். டியூட்டி டாக்டர் பொட்டாசியம் குளோரைடு சிரப் எழுதுவார், நர்ஸ் வேளை தவறாமல் கொடுப்பார், மூன்று நாளில் 3.6க்கு ஏறிவிடும், "சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி, அத்தோடு முடிந்தது. ஏன் குறைந்தது என்ற கேள்வி அங்கேயே புதைந்துவிடும். சில சமயம் பிரஷருக்காகச் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதையசைடு மாதிரி நீர் மாத்திரையின் மேல் பழி போடுவார்கள், அது நியாயமான பழியாகவும் இருக்கலாம். ஆனால் அட்ரினலில் கட்டியும் இருந்து பொட்டாசியமும் இறங்கியிருந்தால் மாத்திரையோடு திருப்திப்பட்டு நிறுத்துவது தப்பு. அப்பாவின் பழைய ரத்த ரிப்போர்ட்டுகளை எடுத்து இந்த ஒரு எண்ணை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அதே நேரம், பொட்டாசியம் சரியாக இருந்தால் நோய் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள், இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகவே இருக்கும்.

இதற்கான பரிசோதனை ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோனையும் ரெனினையும் அளந்து விகிதம் பார்ப்பது. ரெனின் என்பது ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கச் சொல்லி சிறுநீரகம் அனுப்பும் கட்டளை, கட்டி தானாகவே சுரந்தால் அது அடங்கிப்போகும். காலையில், எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பிறகு, கொஞ்ச நேரம் உட்காரவைத்து எடுப்பார்கள். பொட்டாசியத்தை முதலில் ஏற்றிவிட வேண்டும், குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டீரோனும் இறங்கிக் காட்டி ஏமாற்றும். பிரஷரும் அட்ரினல் கட்டியும் சேர்ந்து இருந்தால் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்று ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான என்டோகிரைன் சொசைட்டியின் 2016ம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்லியிருந்தது. 2025ல் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பிரஷர் உள்ள எல்லாருக்குமே இதைப் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே உங்கள் அப்பாவுக்கு இது ஆடம்பரப் பரிசோதனை கிடையாது, தைரியமாகக் கேளுங்கள்.

உறுதியானால் இரண்டு வழி. ஒரு பக்கம் மட்டும் சுரக்கிறது என்றால் அந்த அட்ரினலை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். ஆனால் சி.டி.யில் கட்டி இடதுபக்கம் தெரிகிறது என்பதற்காக சுரப்பும் இடதில்தான் என்று முடிவுகட்ட முடியாது. 58 வயதில் அது சுரக்காத கட்டியாக இருந்து, வில்லன் வலதுபக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் என்றாலோ, அறுவைக்கு உடல் தாங்காது என்றாலோ, ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளிரினோன் மாத்திரை. இதில் ஒரு நுணுக்கம்: பிரஷர் இறங்கிவிட்டது என்று மட்டும் பார்த்தால் போதாது. 2018ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரை எடுத்தும் ரெனின் அடங்கியே கிடந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் ஆபத்து குறையவில்லை. ரெனின் மேலே எழும் அளவுக்கு மாத்திரை பெற்றவர்களுக்கு ஆபத்து சாதாரண பிரஷர்காரர்களின் அளவிலேயே இருந்தது. அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து ரெனினை மறுபடி பார்த்து அளவைக் கூட்டும் மருத்துவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் அதிகமாக ஏறாமலும் கண்காணிக்க வேண்டும், அதுவும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் கட்டாயம். ஸ்பைரோனோலாக்டோன் ஆண்களுக்கு மார்பில் வீக்கமும் வலியும் தரலாம், அப்படியானால் எப்ளிரினோனுக்கு மாற்றலாம்.

இரண்டாவது, ஃபியோகுரோமோசைட்டோமா. அட்ரினலின் உள்பகுதியிலிருந்து வருவது, அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் திடீர் திடீரென்று ரத்தத்தில் கொட்டும். தற்செயலாகத் தெரியும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான், ஆனால் பக்கவாத வார்டில் தவறவிட்டால் மிக மோசமாக அடிப்பது இதுதான். பிரஷர் எகிறி மூளையில் ரத்தம் கசியலாம். மூளை ரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கலாம். ஹார்மோன் வெள்ளத்தில் இதயத் தசை செயலிழந்து உள்ளே ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போகலாம். விட்டுவிட்டு வரும் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், நோயாளியைவிட வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் அது நினைவிருக்கும்.

இதில் பக்கவாத சிகிச்சையோடு நேராக மோதும் இடம் ஒன்று உண்டு. உறைவைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமானால் பிரஷர் 185/110க்குக் கீழே இருக்க வேண்டும், போட்டபின் 180/105க்குள் வைத்திருக்க வேண்டும். அதற்காக அவசரத்தில் கை போகும் மருந்துகளில் முதன்மையானது லேபெட்டலால். ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவருக்கு இது சில சமயம் பிரஷரை இறக்குவதற்குப் பதிலாக ஏற்றிவிடும், ஏனென்றால் அட்ரினலின் வேலை செய்யும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வழிகளில், ரத்தக்குழாயை இறுக்குவது ஆல்ஃபா, லேபெட்டலாலோ பீட்டா வழியை அடைக்கும் அளவுக்கு ஆல்ஃபா வழியை அடைப்பதில்லை. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியும் இந்தக் கட்டியைத் தூண்டிவிடக்கூடியது. பக்கவாத நோயாளி வாந்தி எடுப்பதும் அதற்கு அந்த ஊசி போடுவதும் தினசரி நடப்பது. ஊசி போட்ட சில நிமிடத்தில் பிரஷர் 240க்குப் போனால் அது பக்கவாதத்தின் குணம் என்று நினைத்துக்கொண்டே எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஸ்கேனில் கட்டி தெரிந்து, அது என்னவென்று முடிவாகாத வரை, நிக்கார்டிபின் மாதிரி மாற்று மருந்தைப் பயன்படுத்துவதும், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கட்டியைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பதும் பெரிய வேலையே இல்லை. இன்னொன்று, ஊசி குத்தி கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும் முன் சம்மதிக்காதீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. சாயம் ஏற்றாமல் எடுத்த சி.டி.யில் கட்டியின் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) அல்லது அதற்குக் கீழே, ஒரே சீராக இருந்தால், அது அடினோமா என்கிற, கொழுப்பு நிறைந்த, புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, அதற்கான பரிசோதனையே வேண்டாம் என்று 2023ம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. அதே எண் புற்றுநோய் பயத்தையும் தீர்த்துவிடும், மறுபடி மறுபடி ஸ்கேன் எடுக்கும் அவசியமும் இல்லை. ஆனால் பக்கவாத நோயாளிக்கு எடுப்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய ஸ்கேன், அதில் இந்த எண்ணை அளந்தால் பொருளில்லை. அப்பாவுக்கு சாயத்துக்கு முன்பும் ஒரு சுற்று எடுத்தார்களா என்று ரேடியாலஜி பிரிவில் கேளுங்கள். எடுத்திருந்தால் அந்தப் படத்திலிருந்தே அளந்து சொல்வார்கள்.

மூன்றாவது கார்ட்டிசால், உடம்பு நெருக்கடியைச் சமாளிக்கச் சுரக்கும் ஹார்மோன். இதுதான் ரொம்ப சகஜம். கார்ட்டிசால் மிக அதிகமாகி முகம் வீங்கி, வயிற்றில் ஊதா வரிகள் விழும் முழுமையான குஷிங் நோயைச் சொல்லவில்லை. வெளியே எந்த அடையாளமும் இல்லாமல், இரவில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் இறங்காமல் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும் நிலை. ஆய்வைப் பொறுத்து தற்செயல் கட்டிகளில் ஐந்தில் ஒன்று முதல் பாதி வரை இப்படி இருக்கின்றன. இதனால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் மெல்ல ஏறும், ரத்தம் உறையும் தன்மையும் கூடும். 2022ல் 16 நாடுகளிலிருந்து 3,656 பேரைப் பார்த்த ஆய்வு, கார்ட்டிசால் கசியும் கட்டி உள்ளவர்களில் இறப்பு கூடுதல் என்று காட்டியது. 65 வயதுக்குக் குறைந்த பெண்களில் அது அதிகம் தெளிவாகத் தெரிந்தது.

பக்கவாதம் வந்த பிறகு மீள்வதில் கையை வைக்கக்கூடியது மூன்றில் இதுதான் என்பது என் கருத்து. யோசித்துப் பாருங்கள், பக்கவாத நோயாளியை வீழ்த்துவது பல சமயம் மூளைச் சேதம் அல்ல, நுரையீரல் தொற்று, சர்க்கரை ஏற்றம், காலில் ரத்த உறைவு. மூன்றையும் கார்ட்டிசால் மோசமாக்கும். அதற்குப் பிறகு பிசியோதெரபி. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கத் தொடைத் தசை வேண்டும், கார்ட்டிசால் அதிகமானால் முதலில் தேய்வது அந்தத் தொடையும் இடுப்பும்தான். எலும்பும் பலவீனமாகும், தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பு அதிகம். லேசான கசிவில் இவை எல்லாம் லேசாகத்தான் இருக்கும், பயப்படச் சொல்லவில்லை. ஆனால் நரம்பு பலம் திரும்பியும் ஒருவரால் எழ முடியவில்லை, சர்க்கரை இன்சுலினுக்கும் மசியவில்லை என்றால், அந்தக் கட்டி ஞாபகத்துக்கு வர வேண்டும்.

இங்கேதான் அவசரக்காரர்கள் வழுக்குவார்கள். பக்கவாதம் வந்த உடம்பு அதுவாகவே கார்ட்டிசாலையும் அட்ரினலினையும் கொட்டும். பெரிய பக்கவாதம் என்றால் அதிகமாகக் கொட்டும், கார்ட்டிசால் அதிகம் உள்ளவர்களில் இறப்பும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது கட்டியின் வேலை கிடையாது, காயம்பட்ட உடம்பின் பதில். அதனால் வார்டில் படுத்திருக்கும்போதே ஹார்மோன் பரிசோதனை எல்லாவற்றையும் எடுத்தால், கட்டி அப்பாவியாக இருந்தாலும் குற்றவாளி மாதிரி ரிசல்ட் வரும். டெக்ஸாமெத்தசோன் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள் (இந்த மாத்திரை சாதாரண உடம்பில் கார்ட்டிசாலை அடக்கிவிடும், கசியும் கட்டி அடங்காது): இரவு 11 மணிக்கு 1 மி.கி. மாத்திரை, மறுநாள் காலை 8 அல்லது 9 மணிக்கு ரத்தம், கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ வந்தால் கசிவு இல்லை. பக்கவாத நோயாளிக்கு விழுங்க முடியாது, மூக்குக் குழாயில் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து விடுவார்கள், பாதி குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். தூக்கம் கெட்டிருக்கும். வலிப்புக்காக ஃபெனிடாயின் போகிறது என்றால் அது டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும், கார்பமசெபைனும் அப்படியே. காலையில் 4 வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை.

மெட்டாநெஃப்ரின், அதாவது அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருள், அதன் பரிசோதனையும் அப்படித்தான். ஃபியோகுரோமோசைட்டோமாவைக் கண்டுபிடிக்க ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அதை அளப்பார்கள். கடும் நோயின்போது கொஞ்சம் ஏறிக் காட்டும். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்சின், அமிட்ரிப்டிலின் போன்றவையும் ஏற்றிக் காட்டும். சில ஆய்வக முறைகளில் லேபெட்டலாலும் குழப்பும். எனவே என் வழக்கம் இப்படி: பிரஷர் ஏறி இறங்கித் துள்ளுகிறது, கட்டியின் அடர்த்தி 10க்கு மேல் என்றால் மெட்டாநெஃப்ரினை மட்டும் உடனே பார்த்துவிடுவது, காத்திருக்க முடியாத விஷயம் அது ஒன்றுதான். ரிசல்ட் சரியாக வந்தால் நிம்மதி, பல மடங்கு ஏறியிருந்தால் உண்மை, லேசாக ஏறியிருந்தால் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டீரோனும் சில வாரம் கழித்து, வீட்டுக்குப் போய், சாப்பாடும் தூக்கமும் ஒழுங்குக்கு வந்த பிறகு.

ஒன்றும் சுரக்காத கட்டி என்று முடிவானால்? ஸ்வீடனில் 17,000க்கும் அதிகமான, சுரக்காத கட்டி என்று பதிவானவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2023ல் ஓர் ஆய்வு வந்தது. மற்ற நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இறப்பு சுமார் 20 சதவீதம் கூடுதல். இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. அவர்களில் பலருக்கு கார்ட்டிசால் பரிசோதனை ஒழுங்காக நடந்திருக்குமா என்பது ஒரு கேள்வி, எதற்காக அவர்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள் என்பது இன்னொன்று. அப்படிப்பட்டவருக்கு பிரஷரையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பிடித்து வைத்தால் போதும், அது பக்கவாதத்துக்கு எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எக்கோ, நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர், கழுத்து ரத்தக்குழாய் எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை, மூளையின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் அடைப்பு, ரத்தம் எங்கோ உறைவதைக் காட்டும் டி-டைமர் ரொம்ப அதிகம், கூடவே அட்ரினலில் அடர்த்தியான கட்டி என்றால், அது வேறு எங்கிருந்தோ பரவிய புற்றுநோயாக இருக்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கு அட்ரினல் பிடித்த இடம், புற்றுநோயோ ரத்தத்தை எளிதில் உறையவைக்கும். அங்கே கட்டி பக்கவாதத்துக்குக் காரணம் கிடையாது, இரண்டுக்கும் காரணம் மூன்றாவது ஒன்று. அதனால்தான் அப்பாவின் சி.டி.யில் நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதையும் அதே ரிப்போர்ட்டில் பார்க்கச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையை யாராவது உடனே செய்துவிடலாம் என்றால் நிதானியுங்கள். பக்கவாதம் வந்த முதல் மாதங்களில் மயக்க மருந்து கொடுத்து அறுத்தால் மறுபடி பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளையும் நிறுத்த வேண்டியிருக்கும். அவசரமில்லாத அறுவையைக் குறைந்தது மூன்று மாதமாவது தள்ளிப்போடுவது வழக்கம். அதுவரை ஆல்டோஸ்டீரோனை மாத்திரையால் அடக்கிவைக்கலாம், ஃபியோகுரோமோசைட்டோமாவை ஆல்ஃபா தடுப்பு மருந்தால் அடக்கிவைக்கலாம், பீட்டா தடுப்பு மருந்து அதற்குப் பிறகுதான், ஒருபோதும் முதலில் கிடையாது. கார்ட்டிசால் கசியும் கட்டியை எடுத்தால் மறுபக்க அட்ரினல் சில மாதம் தூங்கிக்கொண்டிருக்கும். அதுவரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தவறக் கூடாது, தவறினால் பிரஷர் சரிந்து மயங்குவார், அதை இன்னொரு பக்கவாதம் என்று நினைத்து அள்ளிக்கொண்டு ஓடுவார்கள்.

உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆல்டோஸ்டீரோன் நோயில் ஒரு பரம்பரை வகை இருக்கிறது. அதில் இளம் வயதிலேயே பிரஷரும், முப்பதுகளிலேயே மூளை ரத்தக்கசிவும் வரும். 58 வயதில் வந்ததை வைத்து அப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது 40 வயதுக்கு முன் பக்கவாதம் வந்திருந்தால், அதை அப்பாவின் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், உங்கள் பிரஷரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் இருந்தால் அந்த ஆல்டோஸ்டீரோன், ரெனின் விகிதத்தை நீங்களும் எடுத்துப் பார்க்க வேண்டும்.